ஜன்னல் கண்ணாடி போட்டதும் சீட்டுகள் மாயம்: தவறு கண்ணாடியில் இல்லை

கேள்வி: வணக்கம் அண்ணா. ஃபிளைட்கியர் என்ற விமான சிமுலேட்டருக்காக ஆவ்ரோ 748 விமானத்தின் முப்பரிமாண மாடலை பிளெண்டர் மென்பொருளில் ஏழு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். வெளியே நின்று பார்த்தால் ஜன்னல் வழியே அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது, நடுவில் இருக்க வேண்டிய சீட்டும் இல்லை, உள்சுவரும் இல்லை. கேமராவை மூக்குப் பக்கம் கொண்டுபோனால் சீட்டுகள் வந்துவிடுகின்றன, வால் பக்கம் போனால் மறுபடி காணோம். பயணி சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்தால் புரொப்பெல்லர் சுற்றும் இடத்தில் மட்டும் மேகத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. கண்ணாடியின் நிறத்தை மாற்றினேன், எல்லா மெட்டீரியலுக்கும் (பரப்பின் தன்மைக்கான அமைப்பு) ஆல்ஃபா, அதாவது கெட்டித்தன்மையின் அளவு, 0.99 என்று கொடுத்துப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. என்னுடையது பழைய லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வாங்கினால்தான் தீரும் என்கிறார் நண்பர். அவர் மைக்ரோசாஃப்டின் எஃப்எஸ் 2004 விமான சிமுலேட்டருக்காக ஒரு விமானத்துக்குப் பெயின்ட் அடித்தார், அது முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இரண்டும் ஒரே நோயா?

பதில்: தம்பி, முதலில் அந்த 0.99-ஐ எடுத்துவிடுங்கள். எல்லா மெட்டீரியலிலும். ஏன் என்று கீழே வரும், ஆனால் அதை எடுக்காமல் நான் சொல்லும் மற்ற எதைச் செய்தாலும் பலன் இருக்காது.

நீங்கள் ஏழு மாதம் உழைத்த மாடலில் கண்ணாடி சரியாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். கோளாறு சீட்டில். இதைச் சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை, நானும் நம்பியதில்லை, கண்ணாடியைப் போட்ட பிறகுதானே சீட்டு மறைந்தது என்று கேட்பார்கள். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

கிராபிக்ஸ் சிப் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்திருக்கிறது. ஒன்று நிறம், இன்னொன்று அந்த நிறத்தைத் தந்த பொருள் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. இந்த இரண்டாவது கணக்குக்குத்தான் இசட் பஃபர் என்று பெயர். 1974-இல் எட் கேட்மல், பின்னாளில் பிக்சாரைத் தொடங்கியவர்களில் ஒருவர், யூட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் எழுதிய யோசனை இது. புதிதாக ஒரு பொருளை வரைய வரும்போது, அந்தப் புள்ளியில் ஏற்கெனவே இதைவிடப் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் புதியதை வரையாமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். கெட்டிப் பொருள்களுக்கு இது அற்புதமான வழி, எந்த வரிசையில் வரைந்தாலும் படம் சரியாக வரும்.

கண்ணாடிக்கு வந்தால்தான் வம்பு. நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தக் கதைதான். கண்ணாடி முதலில் வரையப்பட்டால் தன் தூரத்தை இசட் பஃபரில் எழுதிவிடுகிறது, அதாவது துண்டைப் போட்டுவிடுகிறது. ஆள் யாரும் உட்காரவில்லை, கண்ணாடி கிட்டத்தட்ட நிறமே இல்லாதது, ஆனால் பின்னால் வரும் சீட் "இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது" என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுகிறது. வானம் மட்டும் ஏன் தெரிகிறது? அது உங்கள் கண்ணாடி வருவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஜன்னல் வழியே வானம் தெரிந்து சீட் தெரியாவிட்டால், சீட் கண்ணாடிக்குப் பிறகு வரையப்படுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சரி, ஃபிளைட்கியர் அப்படி முட்டாள்தனமாக வரையுமா? வரையாது. அது பயன்படுத்தும் ஓபன்சீன்கிராஃப் என்ற வரைகலை நூலகம் முதலில் கெட்டிப் பொருள்களை எல்லாம் வரைந்துவிட்டு, அப்புறம்தான் ஊடுருவித் தெரியும் பொருள்களை ஒரு தனி வரிசையில் நிறுத்தி, தூரத்தில் இருப்பதிலிருந்து பக்கத்தில் இருப்பதுவரை என்று வரைகிறது. அப்படியானால் கெட்டியான சீட் எப்படிக் கண்ணாடிக்குப் பின்னால் போனது? உங்கள் சீட் கெட்டி இல்லை, தம்பி. கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிகிறது, கோப்பில் அது கண்ணாடி ஜாதியில் சேர்ந்திருக்கிறது.

நீங்களே இதற்குச் சாட்சியும் கொடுத்திருக்கிறீர்கள், மூக்குப் பக்கம் போனால் சீட் வருகிறது, வால் பக்கம் போனால் மறைகிறது என்று. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் இவ்வளவு தைரியமாகப் பேசியிருக்க மாட்டேன். ஊடுருவும் வரிசையில் தூரம் அளப்பது புள்ளி புள்ளியாக அல்ல, பொருள் பொருளாக, அதுவும் அந்தப் பொருளின் நடு மையத்தை வைத்து. ஆவ்ரோ சுமார் 20 மீட்டர் நீளம். நீங்கள் காக்பிட் முகப்புக் கண்ணாடியையும் பயணியர் ஜன்னல்களையும் ஒரே மெஷ்ஷாக, அதாவது ஒரே வலைப்பின்னல் பொருளாக, வைத்திருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், அதனால் கண்ணாடியின் மையம் கொஞ்சம் முன்னால் விழும், சீட்டுகளின் மையம் அதற்குப் பின்னால் விழும். மூக்குப் பக்கம் நின்றால் கண்ணாடியின் மையம் கிட்டே, சீட்டின் மையம் தூரத்தில். தூரத்தில் இருக்கும் சீட் முதலில் வரையப்படும், மேலே கண்ணாடி வரும், எல்லாம் சரி. வால் பக்கம் வந்தால் கணக்கு தலைகீழ், கண்ணாடி முதலில் வந்து துண்டு போட்டுவிடும். சீட்டுகள் உண்மையிலேயே கெட்டியாக இருந்தால் கேமராவை எங்கே நகர்த்தினாலும் இந்த விளையாட்டே நடக்காது.

சீட் எப்படிக் கண்ணாடி ஜாதிக்குப் போனது என்று தேட இரண்டே இடங்கள். முதலாவது டெக்ஸ்ச்சர், அதாவது பொருளின் மேல் ஒட்டும் படம். உள்பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய பிஎன்ஜி படம் வைத்து, அதில் ஒரு மூலையில் சீட் துணி, இன்னொரு மூலையில் உள்சுவர், கீழே ஓர் ஓரத்தில் ஜன்னலுக்கான நீல நிறத் துண்டு என்று போட்டிருந்தால் வேலை முடிந்தது. அந்த நீலத் துண்டுக்காக அந்தப் படத்துக்கு ஒவ்வொரு புள்ளியின் ஊடுருவலைச் சொல்லும் ஆல்ஃபா சேனல் தேவைப்பட்டது, ஆனால் ஒரு படத்தில் எங்கோ ஒரு மூலையில் ஊடுருவும் புள்ளிகள் இருந்தாலும் அந்தப் படத்தை ஒட்டியிருக்கும் பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஊடுருவும் வரிசைக்குப் போய்விடும். டெக்ஸ்ச்சர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் ஒன்றில் அடைத்திருப்பீர்கள். அந்த அறிவுரை தப்பில்லை, கண்ணாடிக்கு மட்டும் விதிவிலக்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது இடம் மாடலைச் சேமித்து வைத்திருக்கும் டாட் ஏசி கோப்பு. அது வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். மேலேயே மெட்டீரியல் வரிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் டிரான்ஸ் என்ற சொல்லும் ஓர் எண்ணும். கெட்டிப் பொருளுக்கு அந்த எண் சுத்தமான 0 ஆக இருக்க வேண்டும். நீங்கள் ஆல்ஃபா 0.99 கொடுத்தீர்களே, அது இங்கே 0.01 என்று வந்து உட்கார்ந்திருக்கும். நூற்றில் ஒரு பங்கு ஊடுருவலைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் புரோகிராமுக்கு 0.01-உம் ஊடுருவல்தான், உடனே அந்த வரிசைக்கு அனுப்பிவிடும். அதாவது முதலில் சீட் மட்டும்தான் தவறான வரிசையில் இருந்தது, நீங்கள் உடம்பு, இறக்கை, சக்கரம் எல்லாவற்றையும் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டீர்கள். மோசமாகாமல் என்ன செய்யும்!

சரிசெய்வது இப்படி. பிளெண்டரில் கண்ணாடி முகங்களை (மெஷ்ஷின் தட்டையான துண்டுகளை) மட்டும் தேர்ந்தெடுத்து, பி அழுத்தி, தனிப் பொருளாகப் பிரித்துவிடுங்கள். பிரிக்கும்போதே காக்பிட் கண்ணாடி ஒன்று, இடப்பக்க ஜன்னல்கள் ஒன்று, வலப்பக்க ஜன்னல்கள் ஒன்று என்று மூன்றாக்குங்கள், அப்போது ஒவ்வொன்றின் மையமும் அது உண்மையில் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விழும். கண்ணாடிக்கென்று சின்னதாக, 64-க்கு 64 போதும், தனி பிஎன்ஜி. மற்ற எல்லா டெக்ஸ்ச்சரையும் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் திறந்து, லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி என்ற பிரிவில் ஆல்ஃபா சேனலை நீக்கு என்று இருக்கும், நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். வெள்ளையாக நிரப்பினேன், போதாதா என்று கேட்காதீர்கள், ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பழைய கதைதான், சேனலையே எடுத்துவிடுவதுதான் நிச்சயம். லினக்ஸ் வைத்திருந்தால் டெர்மினலில் ஃபைல் என்ற கட்டளையோடு படத்தின் பெயரைக் கொடுங்கள், ஆர்ஜிபி என்று வந்தால் நல்லது, ஆர்ஜிபிஏ என்று வந்தால் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஏ-தான் உங்கள் எதிரி.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால், பொருள்களை எந்த வரிசையில் கோப்பில் எழுதுகிறீர்களோ அதே வரிசையில்தான் வரையப்படும், கண்ணாடியைக் கடைசியில் வையுங்கள் என்று எழுதியிருப்பார்கள். அது ஃபிளைட்கியர் பழைய பிளிப் நூலகத்தில் ஓடிய காலத்து ஞானம். 2008 டிசம்பரில் வந்த 1.9 பதிப்போடு ஓபன்சீன்கிராஃபுக்கு மாறிவிட்டார்கள், அதிலிருந்து ஊடுருவும் பொருள்களுக்கு நான் மேலே சொன்ன மையக் கணக்குதான். கடைசியில் வைப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு வாரத்தைக் கரைக்க வேண்டாம்.

ஆனால் ஒரே மெஷ்ஷுக்குள் இருக்கும் முகங்களின் வரிசை இப்போதும் முக்கியம், அங்கே யாரும் மையம் பார்த்து அடுக்குவதில்லை, எழுதியிருக்கும்படியே வரைகிறார்கள். காக்பிட் கண்ணாடி வளைந்து மூன்று பக்கமும் சுற்றி வருவது, அதன் இடப்பக்கம் வழியே பார்த்தால் வலப்பக்கமும் தெரிய வேண்டும். நிறைய பேர் இதற்கு இருபக்கமும் தெரியும் ஒற்றை முகம் வைத்துவிடுகிறார்கள், சில கோணத்தில் எதிர்ப்பக்கக் கண்ணாடி காணாமல் போகிறது. நான் செய்வது, கண்ணாடியை நகல் எடுத்து, ஒன்றை உள்நோக்கித் திருப்பி, இரண்டையும் ஒருபக்கம் மட்டும் தெரிவதாக வைத்துவிடுவேன், உள்நோக்கியதை முதலில் வரையும்படியும் வெளிநோக்கியதைப் பிறகு வரையும்படியும். வெளியே நின்று பார்த்தால் எதிர்ப்பக்கத்தின் உள்முகம் முதலில் வரும், இந்தப் பக்கத்தின் வெளிமுகம் அதன்மேல் வரும். உள்ளே உட்கார்ந்தால் உள்முகங்கள் மட்டுமே கண்ணில் படும். கேமரா எங்கே இருந்தாலும் சரியாக வரும் ஒரே வரிசை இதுதான், கண்ணாடியின் வடிவம் உட்குழிவு இல்லாமல் வெளிப்பக்கமாகவே வளைந்திருக்கும்வரை.

அடுத்து புரொப்பெல்லர். சுற்றும் பிளேடுகளின் மங்கலான வட்டத்தைக் காட்ட ஒரு மெல்லிய தட்டு வைப்போம். இங்கே சீட் கதை பொருந்தாது, ஏனென்றால் மேகமும் உண்மையிலேயே ஊடுருவும் பொருள், தட்டும் உண்மையிலேயே ஊடுருவும் பொருள், இரண்டுமே நிற்க வேண்டிய ஊடுருவும் வரிசையில்தான் நிற்கின்றன. ஆனால் அந்த வரிசைக்குள் தட்டு முந்திக்கொண்டு துண்டு போடுவதால் மேகத்தில் ஓட்டை விழுகிறது. இதற்கு ஒரே வழி தட்டின் கையிலிருந்து துண்டைப் பிடுங்குவதுதான், அதாவது தட்டு தன் தூரத்தை இசட் பஃபரில் எழுதக் கூடாது. படிக்கலாம், எழுதக் கூடாது. ஃபிளைட்கியரில் ஊடுருவும் மாடல்களுக்கென்று இருக்கும் மாடல்-டிரான்ஸ்பரன்ட் எஃபெக்ட் கோப்பை (பொருளை எப்படி வரைவது என்று சொல்லும் கோப்பு) உங்கள் விமானத்தின் கோப்புறைக்குள் நகல் எடுத்து வேறு பெயர் வையுங்கள், அதில் ஆழத்துக்கான பகுதியில் ரைட்-மாஸ்க் என்பதை ஃபால்ஸ் ஆக்கி, மாடல் எக்ஸ்எம்எல்லில் அந்த எஃபெக்ட்டைத் தட்டுப் பொருளுக்கு மட்டும் கொடுங்கள். அந்தப் பகுதியே இல்லாவிட்டால் நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும், வரைகிற ஒவ்வொரு பாஸ்ஸுக்குள்ளும் (பாஸ் என்றால் ஒரு சுற்று வரைதல்).

இதற்கு ஒரு விலை உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தட்டுக்குப் பிறகு வரையப்படும் மேகம் இனி தட்டின் மேலேயே வரையப்படும், அடர்ந்த வெள்ளை மேகத்துக்கு முன்னால் தட்டு கொஞ்சம் மங்கிப்போகும். நான் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஓட்டையைக் கண் உடனே பிடித்துவிடும், மங்கலை யாரும் கவனிக்க மாட்டார்கள், நிஜத்திலும் சுற்றும் புரொப்பெல்லர் மேகத்துக்கு முன்னால் லேசாகத்தான் தெரியும். தட்டின் ஆல்ஃபாவைப் பத்திலிருந்து இருபது சதவீதத்துக்குள் வையுங்கள். ஐம்பது வைத்து விமானத்தின் பக்கத்தில் இரண்டு அப்பளம் ஒட்டியது மாதிரி செய்யும் மாடல்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

தட்டே வேண்டாம், பிளேடுகளையே வேகமாகச் சுற்றினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நிமிடத்துக்கு 1,400 சுற்று என்று வைத்துக்கொள்வோம், நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 140 டிகிரி நகரும். ஆவ்ரோவுக்கு நான்கு பிளேடு, 90 டிகிரிக்கு ஒருமுறை ஒரே மாதிரித் தெரியும், ஆகவே அந்த 140-ஐக் கண் 40 டிகிரி பின்னோக்கிப் போனதாக எடுத்துக்கொள்ளும். விமானம் முன்னால் பறக்கும், புரொப்பெல்லர் பின்னால் சுற்றும். அதனால் தட்டு வேண்டும்தான்.

தட்டு, பிளேடு படங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் அது வரிசைச் சிக்கல் இல்லை. ஆல்ஃபா சுழியமாக இருக்கும் இடத்திலும் ஒரு நிறம் ஒளிந்திருக்கும், பெரும்பாலும் வெள்ளை, படத்தைச் சுருக்கிக் காட்டும்போது அது ஓரத்தில் கசிகிறது. பிளேடின் சாம்பல் நிறத்தையே ஊடுருவும் பகுதிக்கும் நிரப்பிவிட்டு, கிம்ப்பில் ஏற்றுமதி செய்யும்போது ஊடுருவும் புள்ளிகளின் நிறத்தையும் சேமி என்ற பெட்டியில் டிக் போடுங்கள்.

இவ்வளவு பேசுகிற நான் இதில் மூன்று ராத்திரி தொலைத்திருக்கிறேன். ஒரு பயிற்சி சிமுலேட்டர் வேலை, நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இரவுத் தரையிறக்கத்தில் முகப்புக் கண்ணாடியின் ஒரு பகுதி வழியே மட்டும் ஓடுபாதை விளக்குகள் தெரியவில்லை. கண்ணாடியின் மெட்டீரியலைப் பத்து விதமாக மாற்றினேன், கண்ணாடியைப் புதிதாகவே செய்தேன், போகவில்லை. கடைசியில் வெறுத்துப்போய்க் கண்ணாடியை முழுசாக அழித்துப் பார்த்தால் கண்ணாடி இல்லாமலேயே விளக்குகள் மறைகின்றன! மழைத்துளிக்காக முன்பு யாரோ வைத்துவிட்டு மறந்துபோன, முழுக்க முழுக்க நிறமற்ற ஒரு செவ்வகம் அங்கே துண்டு போட்டுக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து என் பழக்கம், மாடலின் நகலில் முதலில் கண்ணாடியை அழித்துப் பார்ப்பது. சிக்கல் போனால் கண்ணாடியும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது, போகாவிட்டால் வேறு எதுவோ. இரண்டு நிமிட வேலை, நீங்களும் எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

உங்கள் நண்பரின் விமானத்துக்கு வருவோம். ஒரே நோய் இல்லை, ஆனால் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு நோய் என்று சொல்லலாம். எஃப்எஸ் 2004-இல் விமான உடம்பின் ஆல்ஃபா சேனல் ஊடுருவலுக்கு அல்ல, பளபளப்புக்கு. வெள்ளை என்றால் மங்கல், கறுப்பு என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. அவர் பெயின்ட்டை முடித்துச் சேமித்தபோது ஆல்ஃபா கறுப்பாகப் போயிருக்கிறது. பழைய டெக்ஸ்ச்சரிலிருந்து ஆல்ஃபாவை எடுத்துப் புதியதில் ஒட்டி, டிஎக்ஸ்டி3 வடிவத்தில் சேமிக்கச் சொல்லுங்கள், டிஎக்ஸ்டி1 வேண்டாம், அதில் ஆல்ஃபாவுக்கு அதிகபட்சம் ஒரே ஒரு பிட்தான், இடைப்பட்ட சாம்பல் எதுவும் நிற்காது. அதே படத்தைப் பளபளப்பு அமைக்காத ஒரு மாடலில் போட்டால் உடம்பு பேய் மாதிரி ஊடுருவித் தெரியும், அப்போதும் மருந்து இதேதான்.

கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். இது வேகத்தில் வரும் சிக்கல் இல்லை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டும் நீங்கள் கோப்பில் எழுதியிருக்கும் அதே தப்பை இன்னும் வேகமாக வரைந்து காட்டும், அவ்வளவுதான். மூன்று ஜன்னல் பொருள்களையும் பிரித்த பிறகு மறுபடி சீட் மறைந்தால் டாட் ஏசி கோப்பின் மெட்டீரியல் வரிகளை மட்டும் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள், முழு மாடல் வேண்டாம்.